ஓதப்படாத பதின்மூன்றாம் ஜுஸ்வு

பிரிட்ஜ் கதவில் மகள் இந்த வருஷத்து நோன்புத் தாளை ஒட்டியிருக்கிறாள். பள்ளிவாசலிலிருந்து வீடு வீடாகக் கொடுத்த தாள். வீட்டிலுள்ளவர்களின் பெயர் எழுத இடம், பக்கத்தில் முப்பது கட்டங்கள், இந்த ரமழானில் எவ்வளவு ஓதப்போகிறோம், எதை விளங்கிப் படிக்கப்போகிறோம் என்று எழுத ஒரு கோடு. நோன்புக்கு இரண்டு நாள் முன்பு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெயர்களை எழுதினாள். முதல் வரியில் ‘உம்மா’ என்று எழுதிவிட்டாள். கைப்பழக்கம். எழுதி முடித்த பிறகுதான் கண்டாள். வெட்டவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

“வாப்பா, உங்களுக்கு என்ன போட? ஒரு கத்தமா, ரெண்டா?”

“ஒண்டு போடு” என்றேன்.

முழுக் குர்ஆனையும் ஒரு தடவை ஓதி முடிப்பேன் என்று அவள் என் பெயருக்கு நேரே எழுதினாள். நீ மௌத்தாகிப் போய் ஒன்பது மாதமாகிறது. அதே பொய்யை உன் மேசையில் உட்கார்ந்து உன் மகளிடம் இன்னொரு முறை சொன்னேன். எனக்கு ஓதத் தெரியாது என்பது உனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. நீ போன பிறகு அதைச் சுமக்க நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சூறாவளி அடித்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ஓதப் போன இடத்தின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. அலிபு, பே என்று எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து ஓதப் பழகும் முன் வாப்பா என்னை வாவிக்கு அந்தப் பக்கம் வட்டைக்கு, வயல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூரையைத் திரும்பப் போட்டார்கள். நான் திரும்பப் போகவில்லை. பிறகு கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு வந்தேன். பிறகு சவூதி. இருபத்திரண்டு வருஷம் அங்கே தண்ணீர்ப் பவுசர் லொறி ஓட்டினேன். அரபியில் பேசுவேன், விலை கேட்பேன், சண்டையும் பிடிப்பேன். நம் ஊர் ஏறாவூரில் அதைக் கேட்டவர்கள், இவர் குர்ஆனையும் தண்ணீர் போல ஓதுவார் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச காலம் சொல்லாமல் விட்டேன். அதன் பிறகு சொல்ல முடியாமல் போயிற்று.

லீவில் வரும் ரமழான்களில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் குர்ஆனை விரித்து உட்காருவேன். மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து சின்ன சூறாக்களையே உதட்டுக்குள் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டு, ஓதுகிற ஒருவர் எவ்வளவு நேரத்தில் பக்கம் புரட்டுவாரோ அந்த நேரத்தில் பக்கம் புரட்டுவேன். பாதையால் போகிறவர்கள் சலாம் சொல்லிக்கொண்டு போவார்கள்.

நான் சவூதியை விட்டு ஒரேயடியாக வந்த முதல் நோன்பில், என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்.

“இஞ்ச பாருங்க. சஜ்தா செய்யிற ஆயத்து இரிந்த பக்கத்தச் சும்மா கடந்து போயிட்டீங்க.”

அந்த வசனத்தை ஓதினால் நெற்றியை நிலத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் அதற்கு அடையாளம் போட்டிருக்கும். எனக்கு அது தெரியாது.

“கவனிக்கல்ல” என்றேன்.

“ஒரு நாள் எண்டா கவனிக்கல்ல எண்டு விடலாம். கலியாணம் முடிச்ச காலத்தில இரிந்து பாக்கன்.”

எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு முன்கதவைச் சாத்திவிட்டு வந்தாய். ஒரு ஈர்க்குத் துண்டை ஒடித்து என் கையில் தந்தாய். நோன்பு முப்பதுக்கும் நம் இருவருக்கும் ஒரு கணக்கு வைத்தாய்: நாளுக்கு அரைப் பக்கம். எழுத்து எழுத்தாக ஈர்க்கை வைத்து நான் ஓத வேண்டும். பிறகு அதன் தமிழ்ப் பொருளை நீ வாசிப்பாய். அதற்குப் பிறகு அந்த அரைப் பக்கத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கதையாவது கதைக்க வேண்டும். “ஓதிப்போட்டு எழும்பிப் போனா ஊட்டுக்கு வந்த விருந்தாளிக்கிட்ட ஒண்டும் கதைக்காம இரிந்த மாதிரி” என்பாய்.

வழக்கமாக ரமழானுக்கு மூன்று கத்தம் முடிக்கிறவள் நீ. எனக்குச் செலவழித்த நேரத்தால் அந்த வருஷம் ஒன்றைக் கூட முடிக்கவில்லை. பெருநாளைக்கு முன் உன் தங்கச்சி வந்து, “ராத்தா, எத்தனையாவது கத்தம் ஓடுது?” என்று கேட்டபோது, “முதலாவதுதான் இன்னம்” என்றாய். அவள் சிரித்தாள். நம் மகளும், “உம்மாக்கு இப்ப ஓதுறதில சோம்பல் வந்திட்டு” என்றாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் பிடிபட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பாய்.

அப்படி ஆறு ரமழான் போயின. நோன்பு முடிந்ததும் நானும் முடித்துவிடுவேன். அடுத்த வருஷம் பாதியை மறந்துபோய் வந்து உட்காருவேன். நீ திரும்பத் தொடங்குவாய்.

போன வருஷம் சீனி வருத்தம் உன் காலையும் கண்ணையும் பிடித்திருந்தது. நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அழுதாய். ஆனால் அரைப் பக்கத்தை விடவில்லை. ஐந்தாம் நோன்பன்று கதவைச் சாத்த மறந்துவிட்டாய். உன் தங்கச்சியும் அவள் மாப்பிள்ளையும் சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஈர்க்கு என் கையில் இருந்தது. நடுவில் குர்ஆன் விரித்திருந்தது. இரண்டு பேரும் நம்மை மாறி மாறிப் பார்த்தார்கள்.

“இவக்கு ஓதிக் குடுத்திட்டு இரிக்கன்” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களிடம், “ஓம், எனக்கு இப்ப கண் தெரியிதில்ல. இவருதான் சொல்லித் தாறாரு” என்றாய். உன் தங்கச்சியின் மாப்பிள்ளை என் முதுகில் தட்டி, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்றார்.

அவர்கள் போன பிறகு நீ கதவைச் சாத்தவில்லை. குர்ஆனை மூடி உயரத்தில் வைத்தாய்.

“நான் சொன்ன பொய்க்கு நான் அல்லாஹ்ட மன்னிப்புக் கேட்டு தௌபா செஞ்சிக்குவன். உங்கட பொய்க்கு நீங்கதான் செய்யணும்.”

அவ்வளவுதான் சொன்னாய். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் மறுநாள் வந்து உட்கார்ந்திருப்பேனோ தெரியாது. மறுநாள் அஸர் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் வாவிக்கரைக்குப் போய்த் தோணிகள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வருவேன். ஓத உட்காரும் பாய் விரித்தபடியே இருக்கும். இரண்டு பேருக்கு விரித்த பாய். மீதி இருபத்தைந்து நாளும் விரித்தாய். பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் உன் மூச்சு நின்றது.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

நாற்பதாம் நாள் உன் பெயரில் கத்தம் ஓதினார்கள். பள்ளிவாசலிலிருந்து ஜுஸ்வுப் பெட்டி வந்தது. குர்ஆனின் முப்பது பாகமும் முப்பது மெல்லிய புத்தகங்களாக. ஹோலிலும் விறாந்தையிலும் பாய் போட்டு உன் சொந்தக்காரர்கள், அயலவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசல் லெப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்தது பதின்மூன்றாவது. கண் நோகிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மனைவிக்காக ஓதமாட்டாரா என்று யாராவது நினைப்பார்களே என்று வாங்கிக்கொண்டேன்.

எழுத்துகள் நீ காட்டித் தந்தவைதான். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் வேகத்தில் போனால் முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிடுவேன். அதனால் பழையபடி உதட்டை அசைத்துப் பக்கம் புரட்டினேன். பாதியில் ஓரத்தில் அந்த அடையாளம் வந்தது. சஜ்தா. இப்போது எனக்கு அது என்ன என்று தெரியும், நீ சொல்லித் தந்திருக்கிறாய். புத்தகத்தை வைத்துவிட்டு, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து, எல்லாரும் காணும்படி சஜ்தா செய்தேன். ஓதாத வசனத்துக்கு. உன் வீட்டில். உனக்காக.

நெற்றி பாயில் பட்டபோது என்னால் எழும்ப முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் அழவில்லை. பயந்துபோய் இருந்தேன்.

“இருவத்தொம்பதும் வந்திட்டு. உங்கட முடிஞ்சா?” என்று லெப்பை கேட்டார்.

“முடிஞ்சி.”

அவர் கையேந்தினார். முப்பது ஜுஸ்வும் ஓதி முடிந்ததாகச் சொல்லி உனக்காக துஆக் கேட்டார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள், நானும் சொன்னேன். இப்படி ஓதுவது போனவர்களுக்குச் சேருமா சேராதா என்று மௌலவிமார் வாதாடுவார்கள். அது எனக்குத் தெரியாது. உனக்கென்று எடுத்த ஒன்றை நான் தரவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த ரமழானில் பத்து நாள் தாக்குப்பிடித்தேன். விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்ததும், முந்தின நாள் எத்தனை பக்கம் ஓதினேன் என்று மகள் கேட்பாள், நான் ஒரு எண் சொல்வேன், அவள் அந்த நாளின் கட்டத்தில் சரி போடுவாள். பத்தாம் நோன்பன்று ஒன்பதாவது கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு நின்றவளிடம், “போடாத புள்ள” என்றேன். “எனக்கு ஓதத் தெரியாது.”

விளையாட்டென்று நினைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சூறாவளியிலிருந்து நாற்பதாம் நாள் வரைக்கும். முடிந்த பிறகு கேட்டாள்.

“அப்ப உம்மா மூணு கத்தத்தயும் உட்டது உங்களுக்காகவா?”

“ஓம்.”

“நான் அவவச் சோம்பல் எண்டு சொன்னன் வாப்பா.”

“ஓம்.”

“நீங்க கேட்டுட்டு நிண்டீங்க.”

அவள் பேனையை மூடி பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நோன்புக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, “கஞ்சி இரிக்கி” என்பாள். அவ்வளவு. என்னை மன்னிக்கும்படி அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் கோபம் தனக்காக இல்லை, உனக்காக. அதை மன்னிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்று அவளும் நினைக்கிறாள் போலிருக்கிறது.

மறுநாள் லெப்பையிடம் போய், நாற்பதாம் நாள் கத்தத்தில் நான் ஓதவில்லை என்றேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். பெட்டியைத் திறந்து பதின்மூன்றாவதை எடுத்துத் தந்தார்.

“இப்ப ஓதுங்க.”

“அரைப் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும்.”

“போகட்டும். ஆருக்கு அவசரம்?”

அன்றிலிருந்து அஸருக்குப் பிறகு விறாந்தையில் உட்கார்ந்து சத்தமாக ஓதுகிறேன். நாளுக்கு அரைப் பக்கம். சத்தமாக ஓதினால்தான் திருட முடியாது. பாதையால் போகிறவர்கள் ஓதலைக் கேட்டு நடையைத் தளர்த்துகிறார்கள். உன் தங்கச்சியின் மாப்பிள்ளை ஒருநாள் வாசல் வரைக்கும் வந்து, கேட்டுவிட்டு, உள்ளே வராமல் போனார். இந்த நோன்புக்குள் ஜுஸ்வின் இருபது பக்கமும் முடியாது. பெருநாளோடு நிறுத்திவிடுகிற என் புத்தியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஓதி முடித்ததும் தமிழ்ப் பொருளை நானே வாசிக்கிறேன். யூசுஃப் நபியின் கதையில் பாதியிலிருந்துதான் இந்த ஜுஸ்வு தொடங்குகிறது. மகன் யூசுஃபை இழந்த துக்கத்தால் கண் வெளுத்துப்போன அந்தத் தகப்பன் வருகிற பக்கத்தில் மூன்று நாள் இருந்தேன். தன் கவலையை அல்லாஹ்விடம் மட்டும்தான் முறையிடுகிறேன் என்கிறார் அவர். நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று இருபத்திரண்டாம் நோன்பு. யூசுஃபுக்குப் பிழை செய்த மற்றப் பிள்ளைகள் தகப்பனிடம் வந்து, தங்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி கேட்கும் இடத்துக்கு வந்தேன். அவர் மறுக்கவில்லை. பிறகு தேடுவேன் என்கிறார். அந்த நேரத்திலேயே தேடினார் என்று அங்கே இல்லை. நீ இருந்திருந்தால் இந்த அரைப் பக்கத்துக்கு நான் சொல்லும் கதை இதுதான்: அந்தப் பிள்ளைகள் அன்று இரவு எப்படி உறங்கினார்கள்? நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தும் தெரியவில்லை.

அந்த வசனம் அவன் கருணையாளன் என்று முடிகிறது. ரஹீம். அந்தச் சொல்லில் இடறினேன். திரும்ப ஓதினேன். குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“வாப்பா. அந்த ஹா தொண்டைக்குள்ள இரிந்து வரணும்.”

பன்னிரண்டு நாளில் தேவைக்கு மேல் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. முகத்தைக் காட்டவில்லை, உள்ளேயிருந்துதான் சொன்னாள். நான் ஓதினேன்.

“இன்னம் வரல்ல” என்றாள்.

மறுபடியும் ஓதினேன். அவள் கரண்டியை எடுக்கவில்லை. நோன்பு திறக்கும் வரைக்கும் அந்த ஒரு சொல்லையே ஓதிக்கொண்டிருந்தேன். இன்னும் சரியாக வரவில்லை.