தர்ஷன் முகத்தை யார் வெட்டுவது?

ஹட்டன்,
ஞாயிறு காலை.

டோஹாவில் இருக்கும் தம்பி நிரோஷனுக்கு,

நம் குத்துச்சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்தை, நீ இல்லாமலே, போன மாதம் இங்கே கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டிவிட்டோம். கூட்டத்துக்குக் குறையில்லை. டயகமவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள்.

முதல் பாகத்தில் நீ இயக்கினாய், தர்ஷன் நடித்தான். இதில் இயக்கம், நடிப்பு இரண்டும் அவனே. விமர்சனங்களை ஒளிக்காமல் சொல்கிறேன். குத்து வாங்கும் இடமெல்லாம் உயிராக இருக்கிறது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். டிக்கோயாவிலிருந்து யூடியூபில் பேசும் கிருஷாந்தி என்ற பிள்ளைதான், "அண்ணே குத்து வாங்கறப்ப அழ வைக்கிறாரு, குத்து விடறப்ப மட்டும் எதிராளிய விட்டுட்டு கேமராவ பாக்குறாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். என் கடைப் பையன்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கொழும்புப் பத்திரிகைக்காரர் இன்னும் காரம். படம் முழுக்க நாயகனின் முகம்தான், முதல் பாகத்து இயக்குநர் இல்லாத குறை தெரிகிறது என்று எழுதினார். ஆனால் அவர் முடிவைப் பார்க்கவில்லை. உதவி செய்த கடைக்காரர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தாவிட்டால் அடுத்த தடவை ஒரு முழக் கயிறுகூடக் கிடைக்காது, உனக்குத் தெரியாததா? பொன்னாடை முடிந்து படம் தொடங்குவதற்குள் பொழுது போய்விட்டது. மனுஷன் ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்து போனார்.

அந்த முடிவைச் சொல்கிறேன். கடைசிச் சண்டையில் தர்ஷனின் முகமே வராது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிற தாயின் முகம் மட்டும்தான். தாயாக நடித்த அழகம்மா அக்கா ஒரு வசனமும் இல்லாமலே மண்டபத்தைக் கட்டிப்போட்டுவிட்டார். இதற்காகத்தானே நீங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டீர்கள்? நீ கேட்ட காட்சியை, நீ போன பிறகு, நீ சொன்ன மாதிரியே எடுத்திருக்கிறான். அதை உன்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இனி வியாபாரம். கொழும்பில் ஒரு தியேட்டர்காரர் படத்தை எடுக்கத் தயார், அரை மணி நேரம் குறைக்க வேண்டுமாம். காட்சிகளை வெட்டித் தள்ளத் தர்ஷன் ஒரு வாரம் உட்கார்ந்தான். "என் மூஞ்சிய நானே வெட்ட கை வரமாட்டேங்குதுண்ணே. நிரோ இருந்தா கண்ண மூடிக்கிட்டு வெட்டுவான்" என்றான். வேறு ஆள் பிடித்துத் தருகிறேன் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

உன் லீவு தையில் என்று உன் அம்மா நாகலெட்சுமி அக்கா சொன்னார். நீ போன பிறகு பிறந்த உன் பிள்ளையை முதல் முதலாகத் தூக்கப் போகிறாய், நல்லபடியாக வந்து சேர். உடம்பைக் கவனி, வெயிலில் அலையாதே.

லீவில் வந்து நீயே படத்தை வெட்டித் தர, தர்ஷனிடம் நான் பேசி முடித்தது இதுதான். போஸ்டரில் இரண்டு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்து. உனக்குக் கூலி ஒன்றரை லட்சம், என் கையிலிருந்து. எதை வெட்டினாலும் ஏன் என்று கேட்க மாட்டான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: நீ வெட்டும்போது பக்கத்து நாற்காலியில் அவன் இருக்க வேண்டும், பேசமாட்டானாம். உன் சார்பில் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் நலம் நாடும்,
கணேசமூர்த்தி அண்ணன்