பத்தாயிரத்து முந்நூற்று இருபது மணி நேரம்

நிலவு, தென்முனைத் தொடர்பு நிலையம்
பொறுப்பாளர்: மு. இசக்கியம்மாள் (தனி ஆள்)
காகிதப் பதிவு

நாள் 398, காலை 09:10

காற்றழுத்தம் சரி. மின்சாரம் 81 விழுக்காடு. சூரியத் தகடுகளைத் துடைத்தேன். தண்ணீர்க் குழாயில் சிறு கசிவு, இறுக்கிவிட்டேன். காற்று இருப்பு நாள் 441 வரை.

நிலையக் கணினியின் வழிகாட்டிப் பகுதி நாள் 380இல் செத்துப்போனது. அன்றிலிருந்து இறங்குதளச் சமிக்ஞையை என் மடிக்கணினிதான் அனுப்புகிறது. என்னை அழைத்துப்போகும் ஓடம் நாள் 430இல் வருகிறது. சமிக்ஞை கிடைக்காவிட்டால் அது இறங்காது.

மடிக்கணினி பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. மூடியில் என் பெயரையும் வரிசை எண்ணையும் நெயில் பாலிஷால் எழுதியிருக்கிறேன். அதன் ஹார்டு டிஸ்க் காலையிலிருந்து டக் டக் என்கிறது. திறப்பதற்கு இருபத்தாறு நிமிடம் ஆயிற்று.

இருப்பு அலமாரியில் உறையிட்ட எஸ்எஸ்டி வட்டு ஒன்று இருக்கிறது. மேலே "புதியது" என்று ஒட்டியிருக்கிறது. நாளை மாற்ற வேண்டும்.

தகடு துடைக்கும்போது அந்தக் காலடித் தடத்தை மறுபடி பார்த்தேன். வாசலிலிருந்து வடக்கே போகிறது. திரும்பி வரும் தடம் இல்லை. இங்கே எனக்கு முன் இருந்த மாரீஸ்வரியுடையதாக இருக்கும். அவள் ஊர் போய்ச் சேர்ந்து கல்யாணமும் முடிந்துவிட்டது என்று கிளம்பும்போது அலுவலகத்தில் சொன்னார்கள். தடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

நாள் 398, காலை 11:00

ஜெசிந்தா அக்காவின் குரல் செய்தி. தினமும் பதினொரு மணிக்கு வரும். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், இப்போது அலுவலகத்தில் இருக்கிறார். இந்த வேலைக்கு என் விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பினார்; அம்மா ரேகை வைத்தாள்.

"ஏட்டி, சாப்ட்டியா? பாக்கெட்டுச் சாம்பார வெந்நில முக்கித் தின்னுட்டு சமைச்சேன்னு சொல்லாத. இங்க எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் பேசுதாவ. ஒண்ணும் பயப்படாத, கேட்டியா."

மூன்று தடவை கேட்டேன். வழக்கம்போல "நலம், அக்கா" என்று பதில் அனுப்பினேன். ஹார்டு டிஸ்க் விஷயத்தையும் ஒரு வரி சேர்த்தேன்.

நாள் 399, காலை 10:30

மடிக்கணினியைக் கழற்றியாயிற்று. திருகாணி பதினொன்று. நீளமானவை மூன்று. எது எந்த ஓட்டையில் இருந்தது என்று காகிதத்தில் படம் போட்டு அதன்மேல் ஒட்டிவைத்தேன். இங்கே ஈர்ப்பு குறைவு. தும்மினால் போதும், எல்லாம் பறந்துவிடும்.

நாள் 399, மதியம் 15:45

எஸ்எஸ்டியைப் பொருத்தினால் திரையில் "வட்டு இல்லை" என்று வருகிறது. ஆறு தடவை கழற்றி மாட்டினேன். அழுகை வந்தது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். பழைய வட்டு தடிமன், இது மெலிசு. மூடியைப் போட்டதும் கீழே சரிந்து, முனை பிடிமானத்திலிருந்து விலகிவிடுகிறது. பிஸ்கட் அட்டையை இரண்டாக மடித்து அடியில் கொடுத்தேன். வட்டு தெரிந்துவிட்டது.

ஆனால் அது காலியாக இல்லை. பாதி நிரம்பியிருக்கிறது. உறையை நான்தான் கிழித்தேன், அது ஒட்டியபடிதான் இருந்தது. வட்டின் ஆயுள் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஓடிய நேரம்: 10,320 மணி.

யாரோ பழைய சாமானைப் புதிதென்று தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளதை அழிக்க மனம் வரவில்லை. பழைய வட்டை வெளியே கம்பியால் இணைத்து, காலியாக இருக்கும் பாதியில் என்னுடையதைப் படியெடுக்கப் போட்டிருக்கிறேன்.

நாள் 400, காலை 09:30

படியெடுப்பு 61 விழுக்காட்டில் நின்றுவிட்டிருந்தது. பழைய வட்டில் அந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது. அதைத் தாண்டச் சொல்லி மறுபடி போட்டேன். முடிந்தது. பழைய வட்டைக் கழற்றிவிட்டுத் திறந்தேன்.

பதினொரு நொடியில் திறந்துகொண்டது. ஆனால் வந்தது என்னுடைய திரை இல்லை. வட்டில் முதலில் இருந்த பாதியிலிருந்து கணினி எழுந்திருக்கிறது.

"வணக்கம், மாரீஸ்வரி. நாள் 430."

நாள் 400, காலை 10:20

430ஐ 24ஆல் பெருக்கினேன். 10,320.

இது நிலையக் கணினிக்குள் இருந்த வட்டு. மாரீஸ்வரி கடைசி நாளில் அதைக் கழற்றி, அலமாரியில் இருந்த புதியதை அங்கே மாட்டியிருக்கிறாள். இதை அந்த உறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறாள். நிலையக் கணினியில் இருந்தால் அலுவலகம் அழித்துவிடும். அலமாரியில் இருந்தால், என்றாவது எதையாவது ரிப்பேர் பண்ணுகிறவள் கையில் கிடைக்கும்.

ஒரு கோப்புறையில் குரல் செய்திகள், நாள்வாரியாக. 398ஐத் திறந்தேன்.

"ஏட்டி, சாப்ட்டியா? பாக்கெட்டுச் சாம்பார வெந்நில முக்கித் தின்னுட்டு…"

நாள் 400, காலை 10:50

401ஐயும் கேட்டேன். "ஏட்டி, நேத்து எங்க வீட்ல நெத்திலிக் கொழம்பு" என்று தொடங்குகிறார். பிறகு இருமுகிறார். "சளிட்டி, ஒன்னுமில்ல" என்கிறார்.

நாளை பதினொரு மணிக்கு அக்கா இருமக் கூடாது.

இப்போது என் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். வந்த நாளிலிருந்து நான் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. வகுப்பிலும் கேட்டதில்லை, கை தூக்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? எம் பேரு என்ன?"

நாள் 401, காலை 11:02

நெத்திலிக் குழம்பு. இருமல். சளி.

அக்கா ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ஏட்டி, ஏட்டி என்றுதான். பாசம் என்று நினைத்து, நானூற்று ஒரு நாள் அதை வைத்துத்தான் தூங்கினேன். முதல் வாரமே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க மாட்டேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

நாள் 403, மதியம் 14:15

மடிக்கணினியின் அமைப்பை மாற்றி, என் பாதியிலிருந்து எழும்படி செய்துவிட்டேன். சமிக்ஞை தடங்கலில்லாமல் போகிறது. வேலை சுத்தம். சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நிலையக் கணினியில் கிடைத்த கோப்புகளையெல்லாம் மாரீஸ்வரி சேர்த்துவைத்திருக்கிறாள். அதில் ஒரு தேர்வுப் பட்டியல். அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே சுடலைவடிவு. சுடலைவடிவு வருவது என் கணக்கில் நாள் 446. எனக்குக் காற்று 441 வரை. அழைத்துப்போகும் ஓடம் என்று எதற்கும் அதில் தேதி இல்லை. எங்களை இறக்கும் சரக்கு ஓடத்துக்கு, இறங்கிய பிறகு மறுபடி மேலேற எரிபொருள் கிடையாது.

என் விண்ணப்பத்தின் படமும் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கட்டாயம் இணைக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் அது யாரிடமும் இல்லை. அதை வாங்க அம்மா உப்பளத்தில் மூன்று நாள் லீவு போட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாள். சலுகைக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். கடைசிப் பக்கத்தை அன்றைக்கு எனக்குக் காட்டவில்லை. அது அக்காவின் கையெழுத்து. கல்லூரியில் அவருடைய நோட்டைப் பார்த்துத்தான் நான் படித்தேன், அதனால் சந்தேகமே இல்லை.

சுபாவம்: அமைதி. எதிர்த்துக் கேட்பது: இல்லை. வீட்டில் விசாரிக்கத் தெரிந்தவர்: இல்லை.

நாள் 404, காலை 11:10

செய்தியைக் கேட்கவில்லை. பதினொரு மணி ஆனதும் கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாள் 417, மதியம் 12:30

மாரீஸ்வரி வட்டில் ஒரு வரைபடம் போட்டுவைத்திருக்கிறாள். வடக்கே இருபத்திரண்டு கிலோமீட்டரில் வேறொரு நாட்டு நிலையம். உடுப்பில் காற்று எட்டு மணி நேரம். அடியில் ஒரு வரி: "போய்ச் சேந்தா எல்லாத்தையும் சொல்லுவேன்."

சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் என்னை அனுப்பியிருக்க முடியாது.

நாள் 430, காலை 11:00

இன்றைக்கு மட்டும் கேட்டேன்.

"ஏட்டி, இன்னைக்கு வந்துருவாவ. பெட்டியக் கெட்டி வச்சிரு. வாசல் பக்கம் நிக்காத, இறங்கையில வெளிச்சம் கண்ணுல அடிக்கும், கேட்டியா. ஒங்கம்மை பாத்துக்கிட்டே இருக்கா."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் பெட்டியைக் கட்டினேன். வாசலை விட்டுத் தள்ளித்தான் நின்றேன்.

நாள் 430, மாலை 17:40

வரவில்லை.

கையேட்டின் பதினான்காம் பக்கம்: சமிக்ஞை கிடைக்காத சரக்கு ஓடம் இறங்காது. நிலவை ஒரு சுற்றுச் சுற்றி, ஆளோடு பூமிக்கே திரும்பிவிடும்.

பதினொரு திருகாணியையும் கழற்றி எஸ்எஸ்டியை எடுத்துவிட்டேன். சமிக்ஞை நின்றது. ஆண்டெனாக் கம்பியையும் நான்கு இடத்தில் நறுக்கினேன். வட்டை உடுப்பின் உள்பையில் வைத்துக்கொண்டேன். பிஸ்கட் அட்டையைச் சுற்றியிருக்கிறேன்.

வடக்கே போகிறேன். மாரீஸ்வரியின் தடத்தை மிதிக்காமல் பக்கத்திலேயே நடப்பேன். ஒற்றை வரிசையைப் பார்த்து நான் சும்மா இருந்துவிட்டேன். இரட்டை வரிசையாக இருந்தால் யாரும் சும்மா இருக்க முடியாது.

சுடலைவடிவு, இதை நீ படிக்கிறாய் என்றால் உன் ஓடத்தை இறக்க அவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். என்னை மன்னித்துக்கொள். பதினொரு மணிக்கு ஒரு குரல் வரும். ரொம்ப நல்ல குரல். அதனிடம் உன் பெயரைக் கேள்.