நீங்கள் அழித்துவிட்டுப் போன வரிகள்

இன்று உங்கள் கம்பியூட்டரைப் போட்டார்கள். சூடேறின தூசு மணம் சீலைத் திரையைத் தாண்டி வந்தது. நீங்கள்தான் வேலை தொடங்கிவிட்டீர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

வந்தது நிந்தவூரில் இருக்கும் உங்கள் கூட்டாளி. உங்களை இழந்து நான் இத்தாவில் இருப்பதால் அவர் என் முகம் பார்க்கக் கூடாது. நடுவில் சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

உங்கள் வேலை எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. கம்பியூட்டருக்கு அடியில் ஓடுகிற எழுத்துகள், எந்த வேலைக்கு எவ்வளவு இடம் என்று பங்கு வைப்பவை, பழசாகிச் சிக்குப்பட்டுப் போய்விட்டன, துப்புரவாக்குகிறேன் என்றீர்கள். பார்த்தால் வரி வரியாக அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

"கடல் கொண்டுபோனது காணாதா? நீங்களும் அழிக்கிறீங்களா?"

சிரித்தீர்கள். "இஞ்ச பாரு, உன்ட உம்மா வாப்பா வீட்ட உனக்குத் தந்திட்டுப் பின்வளவுக்குப் போனாங்கதானே? போகாட்டி நாம எங்க இரிக்கிற?"

சொன்ன பிறகு நீங்களே பேச்சை விட்டுவிட்டீர்கள். அந்தப் பின்வளவோடுதான் அவர்கள் இருவரும் சுனாமி அன்று கடலில் போனார்கள்.

"அழிக்கிற இடத்தில ஆரும் இருந்தா?" என்று கேட்டேன்.

"அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

நாட்டுச் சண்டை முடிஞ்சிட்டு, இனிப் பயமில்லை என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். பிறகு வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது.

இன்று கூட்டாளி திரைக்கு அப்பால் இருந்து கதைத்தார். "ராத்தா, மச்சானோட சேர்ந்து இந்த வேல செய்யிற வெளிநாட்டுக்காரங்க அவருக்கு எழுதி இரிக்காங்க. அவர் அழிச்ச இடத்த இன்னும் ஏதும் பாவிக்குதா எண்டு கேட்காங்க. பதில் போகாட்டி வேல அப்படியே கிடந்திரும்."

"பதில் உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"ஓம். நானும் பாத்தன், ஒண்டும் பாவிக்கல்ல. ஆனா அவர் மௌத்தாகிட்டார் எண்டு எழுதித்தான் நான் சொல்லணும். எழுதவா?"

முகம் தெரியாத அந்த மனிதர்களிடம் மட்டும் நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள். உங்களிடம் கேள்வி கேட்கிறார்கள். ஓம் என்றால் அங்கேயும் நீங்கள் இல்லை. வேண்டாம் என்றால் உங்கள் வேலை இல்லை.

திரைக்கு அப்பால் செருமினார். "பிறகு வரட்டா ராத்தா?"

"இரிங்க தம்பி. எழுதுங்க."

தட்டும் சத்தம் கேட்டது. முடிந்ததும் கேட்டேன்: "அழிச்ச வேலையில அவர்ர பேர் எங்க நிக்கும்?"

"அழிச்சது ஆர் எண்டு அவங்க எழுதி வெப்பாங்க."

விளங்கவில்லை. கேட்க நீங்களும் இல்லை. அந்த வெளிநாட்டுக்காரர்களின் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் சாறன்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் தங்கை. அலுமாரியைத் திறக்கிறேன். இந்த இடத்தை இன்னும் யாராவது பாவிக்கிறார்களா?

ஓம் என்றுதான் வாயில் வருகிறது.