கண்ணாடியில் ஏணிப்படிகள்

மார்ச் 4, செவ்வாய்
தண்ணீர் வழிக்கும் ரப்பர் கட்டை எல்லா இடத்திலும் கத்துவதில்லை. நான் மெதுவாக இழுக்கும் இடத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்கிறது. கத்திய இடத்திலெல்லாம் கண்ணாடியில் ஏணிப்படி போலக் கோடுகள்.

இன்று ஆபீஸ் கூட்ட அறைக் கண்ணாடியைத் துடைத்தபோது உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சூப்பர்வைசர் அக்கா, “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் கோடு இருந்தா வேற ஆளப் போட்டுடுவேன்” என்றார்.

பள்ளியை விட்ட பிறகு கிடைத்த முதல் வேலை. இங்கேயே வேலை பார்க்கும் சித்தி கேட்டு வாங்கித் தந்தது. அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 5
சத்தம் வரக்கூடாதென்று இன்னும் மெதுவாக இழுத்தேன். இன்னும் கத்தியது.
பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சித்தி சொன்னாள்: “என்னடி, அதுக்கு வலிக்கும்னு தடவிக் குடுக்குறியா?”

மார்ச் 6
ரப்பர் கட்டையைக் கொண்டுவந்து வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன். மெதுவாகப் போனால் ரப்பருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பிதுங்கிப் போய்விடுகிறது. ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது, வளைகிறது, சட்டென்று விட்டுக் குதிக்கிறது, மறுபடி பிடிக்கிறது. அந்தக் குதிப்புதான் சத்தம். அதுதான் கோடும். கொஞ்சம் வேகமாகப் போனால் தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. ரப்பர் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. ரொம்ப வேகமாக இழுத்தால் தண்ணீர் பின்னால் தங்கிவிடுகிறது. நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதில் சத்தமே இல்லை.

அப்பா கதவைத் தட்டினார். “உள்ள என்ன, பஸ்ஸா கழுவுற?”

எல்லாம் சரி. யாராவது பார்த்தால் என் கை தானாக மெதுவாகிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

மார்ச் 7, வெள்ளி
கூட்ட அறையில் இன்றும் ஆட்கள். தூணோரம் சூப்பர்வைசர் அக்கா. பாதி வழியில் உள்ளேயிருந்து ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கை தயங்கியது. கிர்ர்.
“அவங்க போனப்புறம் பண்ணிக்கலாம், வாடி” என்றாள் சித்தி.
போயிருக்கலாம். போகவில்லை. அந்த இடத்தை மறுபடி நனைத்தேன். ரப்பரை மேல் மூலையில் வைத்து, நிற்காமல் கடைசி வரை இழுத்தேன். சத்தமும் இல்லை, கோடும் இல்லை. பிறகு அடுத்த வரிசை.

மார்ச் 10
சூப்பர்வைசர் அக்கா வேறு ஆளைப் போடவில்லை. “வாசல் கண்ணாடிய யார் பண்றீங்க?” என்று எங்களைக் கேட்டார். தெருவே பார்க்கும் கண்ணாடி அது.
நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.