நீலக்கிளியின் இருமல்

அக்கா,

இன்று காலை வாளியில் ஊறிக்கொண்டிருந்த கணவாய் மீனின் ஓட்டைக் கையில் எடுத்தேன். உப்பும் பாசியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், முன் விறாந்தையில் நீங்கள் இருமினீர்கள்.

நான் ஆவிகளை நம்புகிறவள் அல்ல. அது உங்களுக்குத் தெரியும். இருமியது உங்கள் கிளி. இருந்தாலும் ஓடு கைதவறி வாளிக்குள் விழுந்துவிட்டது. நீங்கள் போய் ஒன்றரை வருடமாகியும் அப்படித்தான் விழுகிறது.

மாடும் ஆடும் வரிசையில் நின்ற எங்கள் மிருக வைத்தியக் கந்தோருக்கு, ஒரு பழைய சாரத்தால் கூட்டை மூடிக்கொண்டு நீங்கள் பேசாலையிலிருந்து பஸ் ஏறி வந்த நாள் நினைவிருக்கிறது. கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன்.

"அது பச்சைக்கு, டொக்டர். இது நீலம். கூட்டுக்குள்ளேயே பொரிச்சது. மகள் வெளிநாடு போக முன்னம் வாங்கித் தந்திட்டுப் போனவள், நான் தனிய எண்டு."

பெயர் கேட்டேன். சம்மாட்டி என்றீர்கள். "வேலை ஒண்டும் செய்யாது, நிண்டு சத்தம் மட்டும் போடும். வேற என்ன பேர் வைக்கிறது?" ஆட்டுடன் நின்ற மீனவர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவருக்கும் சம்மாட்டி என்று ஒரு வள்ளக்கார முதலாளி இருந்திருக்க வேண்டும்.

கிளி தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கிறது, எச்சம் நீராகப் போகிறது என்பதுதான் உங்கள் முறைப்பாடு. கரையில் ஒதுங்கிய கணவாய் ஓட்டை எடுத்த கையோடு கூட்டில் சொருகியிருந்தீர்கள். சுண்ணாம்புச் சத்துக்கு அது நல்லது. ஆனால் அதில் கடலின் உப்பு முழுவதும் இருந்தது. மூன்று நாள் நல்ல தண்ணீரில், தினமும் தண்ணீரை மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவிட்டுக் கொடுக்கச் சொன்னேன். கடற்கரைக்காரர் செய்யும் பிழை அது. கடல் தருவதெல்லாம் அப்படியே உணவு என்ற நம்பிக்கை.

அதன் பிறகு, பேசாலையில் எனக்கு வேலை விழும் சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடு குசினிக்குள் தொங்கியது. நீங்கள் விடியுமுன் எழும்பி, தென்னம்பொச்சும் பாளையும் எரித்து, கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவர். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது என்றேன். அடுத்த தடவை வந்தபோது கூடு முன் விறாந்தையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் குசினிக்குள் புகைக்கு நடுவில் இருந்து, "வாங்கோ டொக்டர், இப்ப சரியோ?" என்று கேட்டீர்கள். சரி என்றேன்.

சூரியகாந்தி விதையைக் குறைத்து, முருங்கை இலையும் கரட்டும் பழக்கினோம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்க்கக் காட்டித் தந்தேன். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால், எடை இறங்கினால் உடனே வாருங்கள் என்றேன். பறவை நோயைக் காட்டாது, காட்டினால் பருந்து கொண்டுபோய்விடும், எங்கள் கண்ணில் படும்போது நாள் கடந்திருக்கும் என்றும் சொன்னேன்.

"மனுசரும் அப்பிடித்தானே," என்றீர்கள். "இஞ்ச பருந்துக்குப் பதிலாச் சனம்."

நல்ல பகிடி என்று சிரித்தேன்.

தவக்காலத்தின் மூன்றாம் கிழமை, கிளி இருமுகிறது என்று கந்தோருக்குக் கொண்டுவந்தீர்கள். மேசையில் வைத்ததும் அது இருமியது: இரண்டு சிறிய வறட்டு இருமல், பிறகு ஒரு செருமல். மூக்கைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

"கிளிக்கு ஒண்டுமில்லை அக்கா. கேட்டதைத் திருப்பிச் சொல்லுது. வீட்டில ஆர் இருமுறது?"

"வீட்டில நானும் அதுவும்தான். அதுதான் எனக்குப் பழக்குது போல."

இருவரும் சிரித்தோம். கூட்டைத் தூக்கியபோது உங்கள் சட்டைக் கை தோளிலிருந்து தொங்கியதைக் கண்டேன். மெலிந்துவிட்டீர்கள் என்றேன்.

"தவக்காலம் டொக்டர். ஒருநேரச் சாப்பாடு. உங்களுக்கு உதெல்லாம் எங்க விளங்கப்போகுது?"

கடவுளை நம்பாதவள் அடுத்தவரின் நோன்பில் கைவைக்கக் கூடாது என்பது என் மரியாதை. அந்த மரியாதையால் வாயை மூடிக்கொண்டேன். கிளியின் அட்டையில் 'நலம்' என்று எழுதி, இரண்டு நோயாளிகளையும் பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது, நோன்பு முடிந்தது, நீங்கள் தேறவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் வைத்தியர் உங்கள் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நாள் கடந்திட்டுது," என்றார். என்னுடைய வசனம். நான் எத்தனை பேருக்குச் சொன்னது.

செத்தவீட்டுக்கு வந்த உங்கள் மகள், "அன்ரி, இதை நீங்கள் வச்சிருங்கோ," என்று கூட்டைத் தந்தாள். புது இடத்தில் பறவை வாயடைத்துப் போகும். இரண்டு கிழமை சம்மாட்டி சத்தமே போடவில்லை. பிறகு ஒரு மாலை என் தொலைபேசி அடித்தது. கூட்டுக்குள் இரண்டு வறட்டு இருமல், ஒரு செருமல், சிறிய இடைவெளி. பிறகு உங்கள் குரல்:

"ஒண்டுமில்லை பிள்ளை. புகை."

எடுக்காத தொலைபேசியின் முன் நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது, ஏன் இருமுகிறீர்கள் என்று மகள் கேட்டிருக்கிறாள். கிளிக்குப் பாடமாகும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். கந்தோரில் அது பாதியை மட்டும் சொன்னது. மீதி என் கண்ணுக்கு முன்னால், கூட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவரைத்தான் முதலில் பார்க்கிறேன். போன மாதம் இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு பெண் முயல் கொண்டுவந்தார். புல் கொடுக்காமல் சோறும் பிஸ்கட்டும் கொடுத்ததால் பல் வளர்ந்து, சாப்பிட முடியாமல் இருந்தது. பல்லை வெட்டிவிட்டேன். அவரின் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"கால் எவ்வளவு நாளா இப்பிடி?"

"எனக்கு ஒண்டுமில்லை, டொக்டர்."

"முயலும் அப்பிடித்தான் சொன்னது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால்தான் முயலை இனிப் பார்ப்பேன் என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். நேற்று வந்து, முயலுக்கு முன் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

இன்று சனிக்கிழமை. சம்மாட்டியின் எடை பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு கிராம். இறகு, எச்சம், மூச்சு எல்லாம் சரி. இருமல் மட்டும் இருக்கிறது. அட்டையில் 'நலம்' என்று எழுத இன்னும் எனக்குக் கை வருவதில்லை, அக்கா.