தெங்கோ பாடம்

மார்ச் 4

அன்பு வீட்டம்மாவுக்கு,

நான் நலம் என்று வழக்கம்போல் முதலில் எழுதிவிடுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சலவைக் கூடத்தில் என்னோடு விரிப்பு மடிப்பவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறொன்றும் தெரியாது. எனக்கோ அது சுத்தமாகத் தெரியாது. அவர் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, அதனால் மீசைக்காரர் என்றே வைத்துக்கொள். ஹோட்டல் விரிப்பு ஒற்றை ஆள் மடிக்கிற சமாசாரம் இல்லை. அவர் இரண்டு மூலைகளை நீட்டுவார். நான் பிடித்ததும் "லா தெங்கோ" என்று சொல்ல வேண்டும். 'பிடிச்சுட்டேன், என்கிட்ட இருக்கு' என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கையை விடுவார். முதல் நாள் நான் ஊமை மாதிரி நின்றேன், அவரும் விடாமல் நின்றார். ஒரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு இருவரும் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தத் தெங்கோ பொல்லாத சொல். பேனா இருந்தாலும் தெங்கோ, பசித்தாலும் தெங்கோ. நாம் 'பசிக்குது' என்கிறோம், இவர்கள் பசியை வைத்திருக்கிறார்கள். வயதைக்கூட வைத்துத்தான் இருக்கிறார்கள்.

மகளுக்கு முத்தம்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19

அன்புள்ள என்னங்க,

கடிதம் வந்தது. முழுக்கத் தெங்கோதான். எப்போது வருகிறீர்கள் என்று எங்காவது ஒரு வரி இருக்குமா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அப்பா தேங்காய்க் கடையிலயா வேலை பாக்குறாரு?" என்று மகள் கேட்கிறாள்.

ஆனாலும் பாடம் எனக்குப் பிடித்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டே முணுமுணுக்கிறேன். "என்னம்மா, ஏதாவது மந்திரமா?" என்று முதலாளி பயந்துவிட்டார். வயதை வைத்திருப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. என் வயதை நான் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கவில்லையா? அது சரி, 'இல்லை' என்பதை எப்படிச் சொல்வது? நம் வீட்டில் அதுதான் அதிகம் தேவைப்படும்.

மேலும் எழுதுங்கள். பாடத்துக்கு நடுவில் உங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள். கோடை விடுமுறைக்கு வருவதாகச் சொன்னது நினைவிருக்கிறதா?

உங்கள் வீட்டம்மா


ஏப்ரல் 15

அன்பு வீட்டம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை.

'இல்லை' சுலபம்தான், நோ தெங்கோ. பின்னால் ஒரு 'கே' சேர்த்துத் தெங்கோ கே என்றால் 'செய்தே ஆக வேண்டும்' என்றாகிவிடும். விடுமுறைக்கு வர முடியாது போலிருக்கிறது. தெங்கோ கே, இங்கேயே இருந்தாக வேண்டும்.

அன்றாடம் நடப்பதை வைத்துப் பழகு என்கிறார் மீசைக்காரர். நான் பழகியதை உனக்கும் அனுப்புகிறேன். தெங்கோ ஃப்ரீயோ, எனக்குக் குளிர்கிறது. தெங்கோ சுவென்யோ, தூக்கம் வருகிறது. தெங்கோ தோலோர், வலிக்கிறது. தெங்கோ மியேதோ, பயமாக இருக்கிறது. மகளோடு சேர்ந்து சொல்லிப் பார்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 28

என்னங்க,

மகளோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் அவள் நிறுத்திவிட்டு, "அப்பாவுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

குளிர், தூக்கம், வலி, பயம். உதாரணத்துக்குக்கூட ஒரு நல்ல விஷயம் அகப்படவில்லையா உங்களுக்கு? இத்தனை வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். விளையாட்டுக்குக்கூட நீங்கள் "பயமா இருக்கு" என்று சொல்லிக் கேட்டதில்லை.

பாடம் போதும். தமிழில் கேட்கிறேன், தமிழில் பதில் எழுதுங்கள். என்ன ஆயிற்று? இனியும் மறைத்தால் இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் வராது. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் சொன்னதைச் செய்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

நான்தான்


மே 9

அன்பு வீட்டம்மாவுக்கு,

மறைத்தது உண்மை. உன் மார்ச் கடிதம் வந்த வாரம் எங்களைப் பெரிய இஸ்திரி இயந்திரத்துக்கு மாற்றினார்கள். தெங்கோ தண்ணீர் பட்ட பாடாகிவிட்ட திமிர் எனக்கு. மூலையைப் பிடிப்பதற்கு முன்பே "லா தெங்கோ" என்று கூவிவிட்டேன். மீசைக்காரர் அதை நம்பிக் கையை விட்டார். நழுவிய விரிப்பை எட்டிப் பிடிக்கப் போய், இடது கை சூட்டு உருளையில் பட்டுவிட்டது. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. கை ஆறட்டும் என்று அறைக்கு அனுப்பிவைத்தவர்கள், என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

மீசைக்காரர்தான் தினமும் அறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார். எனக்குச் சட்டை மாட்டிவிடும்போது அவர் கண் கலங்குகிறது. தப்பு அவருடையது இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் ஸ்பானிஷ் வரவில்லை.

வந்துவிடலாம்தான். ஆனால் ஊரில் நான் வைத்திருந்த ரிப்பேர் கடையை மூடிவிட்டுக் கிளம்பியபோது நீ எவ்வளவோ தடுத்தாய். "கை நிறையச் சம்பாதிச்சுக்கிட்டுத்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன்" என்று வீராப்புப் பேசினேன். இப்போது வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்கப் பயமாக இருக்கிறது. தமிழில்தான் சொல்கிறேன்.

வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்


மே 17

அன்புள்ள என்னங்க,

இதையெல்லாம் கேட்டு எழுதுவார்களா? கிடைக்கிற முதல் டிக்கெட்டில் கிளம்புங்கள். எனக்குக் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம். உங்களைத் திட்டுவதற்காகவே கடையில் லீவு சொல்லியிருக்கிறேன்.

மீசைக்காரரிடம் பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. கிளம்பும்போது நல்ல கையால் அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவருக்குப் புரியும்.

வெறுங்கை, வெறுங்கை என்று எழுதியிருக்கிறீர்களே, வெந்த கையால் எதைத் தூக்கிக்கொண்டு வருவதாக உத்தேசம்? பெட்டி வேண்டாம், பை வேண்டாம், மகளுக்குப் பொம்மைகூட வேண்டாம். நானும் அவளும் வாசலில் காத்துக்கொண்டு நிற்போம். கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து இறங்கினீர்களோ, அங்கேயே சண்டை பிடிப்பேன்.

உங்கள் வீட்டம்மா