ஒன்பதாம் சதுரத்தைத் துவைக்க வேண்டாம்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்
14.8.1958

கேமரன் மலைக் குளிரில் இருக்கும் அன்புள்ள அக்காவுக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தங்கை சந்திரமதி எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அம்மா கோயிலில் விளக்குப் போட்டாள். பிரசவத்துக்கு இங்கே வராமல் அந்தக் குளிரிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறாயே என்று அவளுக்குக் குறைதான். "காதை மூடிக்கிட்டு நடக்கச் சொல்லு"ன்னு எழுதச் சொல்கிறாள்.

பிள்ளைக்குப் போர்வை தைத்துவிட்டோம். நூர்தீன் பாய் தையல் கடையில் வெட்டி எறியும் நீளத் துண்டுகளைச் சாய்வாக அடுக்கித் தைத்த ஒன்பது சதுரம். துண்டுகள் இழுத்துக்கொண்டு கோணாமல் இருக்க அடியில் ஏதாவது வைத்துத் தைக்க வேண்டும். துணி வைத்தால் உள்ளேயே தங்கிவிடும், காகிதம் வைத்தால் கடைசியில் கிழித்தெடுத்துவிடலாம். முதலில் செய்தித்தாள் வைத்தேன், மை முழுக்க வெள்ளைப் பாப்ளினில் ஏறிவிட்டது. அப்பா வேறு, "படிக்காத பக்கம் போர்வைக்குள்ள போயிருச்சே"ன்னு தேடினார். பிறகு மாவு மூட்டைத் துணி. நல்ல கெட்டி, ஆனால் எத்தனை சவுக்காரம் போட்டாலும் அச்செழுத்து போகவில்லை, ஐம்பது ராத்தல் என்று மேலே தெரிகிறது. அப்பா படித்துச் சொன்னதும் அம்மா, "பொறக்காத புள்ளைக்கு இப்பவே எடை போடுறியாடி?" என்றாள். பழுப்புத் தாளில் இரண்டு ஊசி ஒடிந்தது. கடைசியில் பலகாரக் கடையின் மெல்லிய வெள்ளைத் தாள்தான் சரிப்பட்டது, முறுமுறுவென்று இருக்கும், தைத்த வழியே அழகாகக் கிழியும். எட்டுச் சதுரத்தோடு அது தீர்ந்துபோனது. அப்பா பெட்டியில் அதே மாதிரி மெல்லிய தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை வைத்து ஒன்பதாவதைத் தைத்தேன். அது என் ஜாதகம்.

வெள்ளிக்கிழமை ஜோகூரிலிருந்து, எனக்குப் பார்த்த அழகப்பன் என்கிற மாப்பிள்ளையின் அம்மா, பொருத்தம் பார்க்க ஜோசியர் கோவிந்தசாமியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறார். அம்மா சதுரங்களை ஒதுக்கப் போய் ஒன்றைத் திருப்பினால், பின்பக்கம் ராசிக் கட்டம்! ஜோசியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சதுரத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "எல்லா வீட்டுலயும் ஒரு தையல், கல்யாண வீட்டுல மட்டும் நாலு தையல்மா" என்றார். அந்த அம்மா காப்பியைக் கீழே வைத்து, "இது ஜாதகமா, சல்லடையா? எங்களுக்கு வேணாம்லா" என்று எழுந்துவிட்டார். வாசலில் நின்று சதுரத்தில் இருந்த பச்சைச் சீட்டித் துணி என்ன விலை என்று மட்டும் கேட்டார்.

புதிதாக எழுதலாம் என்றால், நான் பிறந்தது குண்டு போட்ட காலத்தில் அல்லவா. சைரன் ஊதுவதற்கு முன்பே என்கிறாள் அம்மா, அடங்கிய பிறகு என்கிறார் அப்பா. "பெத்தவ நானா, நீங்களா?" என்று கேட்டு ஆறு நாளாகப் பேச்சில்லை. இருவரும் ஒரு நேரத்தைச் சொல்லாமல் எழுத முடியாது என்று ஜோசியர் கைவிரித்துவிட்டார். இருப்பது அந்த ஒரே தாள். ஜாதகத்தைக் கிழிக்கக் கூடாது என்று அம்மா அதை அப்படியே உள்ளே விட்டு, பின்னால் ஃபிளானல் வைத்து மூடச் சொன்னாள். மூலையில் சலசலக்கும், பயப்படாதே. வேறு மாப்பிள்ளை அமைந்தால் பிரித்தெடுத்து அனுப்பச் சொல்வாளாம். அதுவரை துவைக்காதே என்று மூன்று தடவை எழுதச் சொன்னாள். துவைக்காதே, துவைக்காதே, துவைக்காதே.

அம்மா அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். அந்தத் தாளின் மூலையில் மஞ்சள் தடவியிருந்ததை நான் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுத்தான் தைத்தேன். கல்யாணம் வேண்டாம் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். போர்வையைப் பார்த்து நூர்தீன் பாய், உங்கள் பெண் வீட்டிலிருந்தே கடைக்குத் தைத்துத் தரட்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா பார்க்கலாம் என்று இழுத்தடிக்கிறார். நீ சொன்னால் கேட்பார், ஒரு வரி எழுது.

அம்மா வந்துவிட்டாள். சுகப்பிரசவமாகி, பிள்ளை மழலையோடு இந்த வீட்டு வாசல் ஏற வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் அவளும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். ஆறு நாளில் இதை மட்டும் சேர்ந்து சொன்னார்கள். கஷாயத்தை மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா முத்தாயி சொல்ல,
தங்கை சந்திரமதி

பின்குறிப்பு: துவைக்காதே என்றது அம்மா. பிள்ளையை எந்த மூலையில் படுக்க வைப்பது என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. சலசலக்கும் மூலைதான் கதகதப்பாக இருக்கும் அக்கா, இடுப்பில் துணி எதுவும் கட்டாமலே படுக்க வை.